இருபத்தைந்து புள்ளி ஒன்று

கடைசி மேஜை என்னுடையது. லேத் மிஷின்களில் கடைந்த ஷாஃப்ட்டுகள், உருண்டையான இரும்புத் தண்டுகள், எண்ணெய் வழிய என்னிடம் வரும். நான் துடைத்து, அளந்து, நல்லதைப் பச்சைப் பெட்டியிலும் ஆகாததைச் சிவப்புப் பெட்டியிலும் போட வேண்டும். புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு சின்னப் பட்டறை. பத்தாவது மட்டும் படித்த எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது. என் சுபாவத்துக்கும் அது பொருத்தமாக இருந்தது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஷாஃப்ட்டோடு பேச வேண்டியதில்லை.

எங்கள் வீடு தாபோடியில். என் கணவருக்குக் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. காலையில் லோணாவளா லோக்கலில் ஏறி, இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் பட்டறை. வாரத்தில் வியாழக்கிழமை விடுமுறை. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் வியாழன்தான் ஞாயிறு.

பட்டறையில் நான் தமிழில் பேசக்கூடிய ஒரே ஆள் முதல் லேத்தில் நின்ற டர்னர். ஆரணிப் பக்கம் அவருக்கு. என் பிறந்த வீடும் அந்தப் பக்கம்தான். அதனால் அவர் என்னைத் தங்கச்சி என்பார், நான் அவரை அண்ணா என்பேன். ஐம்பது வயது தாண்டியவர். மற்ற லேத்துகளில் மராத்திப் பையன்கள் இருந்தார்கள். அவரைக் காகா என்று கூப்பிடுவார்கள், சித்தப்பா என்கிற அர்த்தத்தில். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாரு, பூனா வந்து காக்காயா ஆயிட்டேன்" என்று அவரே சொன்னார்.

அவருடைய வேலை முறையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். எங்களிடம் அதிகம் ஓடிய ஷாஃப்ட்டின் குறுக்களவு இருபத்தைந்து மில்லிமீட்டர். லேத்தில் கடையும்போது இருபத்தைந்துக்குக் கீழே போகக்கூடாது, இருபத்தைந்து புள்ளி ஒன்றுக்கு மேலே இருக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்தினாலும் சரி. மிச்சத்தை வேறொரு இடத்தில் கிரைண்டிங் மிஷினில் வழவழப்பாக்கி எடுப்பார்கள். பையன்கள் நடுவில் எங்காவது நிறுத்துவார்கள். அண்ணா மட்டும் மேல் எல்லையிலேயே நிறுத்துவார். இருபத்தைந்து புள்ளி ஒன்று என்றால் சரியாக அதுவே. அவருடைய மைக்ரோமீட்டரில் அளந்தால் கோடு கோட்டின் மேல் போய் உட்காரும்.

"ஏண்ணா இவ்வளவு விளிம்பிலே நிறுத்தறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எட்த்தத திரும்ப ஒட்ட வெக்க முடியுமா தங்கச்சி? இருந்தா கிரைண்டிங்காரன் எட்த்துக்குவான். இல்லன்னா அவன் எங்க போயி வாங்கிட்டு வருவான்?"

பழைய டர்னர்கள் எல்லாரும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெளிப்பக்கம் கடைந்தால் கொஞ்சம் தடிப்பாக விடுவார்கள். தப்பிருந்தால் இன்னொரு முறை சீவிக்கொள்ளலாம். ஆனால் இவர் அளவுக்குச் சரியாக விளிம்பில் நிறுத்துகிறவர்கள் குறைவு. அது அவருக்கு ஒரு பெருமையாகவும் இருந்தது. வெளியே சொல்ல மாட்டார். நான் அளக்கும்போது ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் என்னிடம் இருந்தது குதிரை லாடம் போல ஒரு கேஜ். ஷாஃப்ட் அதன் முதல் வாயில் நுழைய வேண்டும், இரண்டாவது வாயில் நுழையக்கூடாது. அப்படி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது. எண்ணே கிடையாது. அண்ணாவின் ஷாஃப்ட்டுகள் முதல் வாயில் ஒரு சின்ன முனகலோடு நுழையும். மற்றவர்களுடையது சத்தமில்லாமல் போகும். கண்ணை மூடிக்கொண்டுகூட எது அவருடையது என்று என்னால் சொல்ல முடிந்தது.

ரஞ்சன்காவில் ஒரு பெரிய தொழிற்சாலை எங்களிடம் ஷாஃப்ட் வாங்கியது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷங்கள் ஆகியிருக்கும். இனிமேல் கேஜ் போதாது, ஒவ்வொரு ஷாஃப்ட்டின் அளவும் கம்ப்யூட்டரிலிருந்து காகிதத்தில் வர வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். என் மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் சூப்பர்வைசர், சாஹேப் என்று கூப்பிடுவோம், அதன் முன்னால் தேங்காய் உடைத்துச் செண்டுமல்லி மாலை போட்டார். மாலை திரையின் கீழ்ப் பாதியை மறைத்துக்கொண்டு தொங்கியது. முடிவு காட்டும் இடம் அந்தக் கீழ்ப் பாதியில். பூ வாடி உதிரும்வரை நான் ஒவ்வொரு தடவையும் மாலையைத் தூக்கிப் பார்த்து வேலை செய்தேன். எடுத்துவிடலாமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியது ஒரு சின்னக் கம்பெனி. அங்கிருந்து ஒரு பெண் ஊரின் மறுகோடியான கோண்ட்வாவிலிருந்து ஸ்கூட்டியில் வந்து சொல்லிக்கொடுத்தாள். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். அப்பா பேங்கில் வேலை, பிறந்து வளர்ந்தது எல்லாம் புனேயில். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

"ஆன்ட்டி, நீங்க இங்க நம்பர் போடுங்க. அப்பறம் என்டர் தபாவுங்க. பஸ். மிச்சம் எல்லாம் அது பண்ணும்."

தபாவுங்க என்றால் அழுத்துங்கள், பஸ் என்றால் போதும் என்று அர்த்தம். இந்தியில் தமிழ் வால் ஒட்டியிருந்தது. எனக்குப் பிடித்துப் போயிற்று. நான் மைக்ரோமீட்டரில் அளந்ததைத் தட்டுவேன். கம்ப்யூட்டர் அதிலிருந்து இருபத்தைந்தைக் கழிக்கும். மிச்சம் புள்ளி ஒன்றைத் தாண்டினாலோ பூஜ்யத்துக்குக் கீழே போனாலோ சிவப்பு எழுத்தில் ரிஜெக்ட், இல்லாவிட்டால் பச்சையில் ஓகே.

முதல் நாளே அண்ணாவின் ஷாஃப்ட்டுக்குச் சிவப்பு வந்தது. மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வித்தியாசம் 0.100 என்று இருந்தது. அதன் கீழே எல்லை 0.100. அதற்கும் கீழே ரிஜெக்ட். நான் தப்பாகத் தட்டியிருப்பேன் என்று துடைத்து மறுபடி அளந்தேன். அதே எண். அதே சிவப்பு.

"இன்னா ஆச்சி?" என்று லேத்திலிருந்தே கேட்டார்.

"சிவப்பு காட்டுதுண்ணா."

"எவ்ளோ கீது?"

"கரெக்டா பாயிண்ட் ஒன்னு."

"அப்போ பச்ச தானே காட்டணும்?"

"சிவப்புதான் காட்டுது."

அவர் சிரித்தார். "புது மருமவ. கொஞ்ச நாளு அப்டித்தான் மொறைக்கும். சரியாப் பூடும்."

சரியாகப் போகவில்லை. அவருடைய இருபத்தைந்து மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுகளில் விளிம்பில் நின்றவை எல்லாம் சிவப்பாகவே வந்தன. பையன்கள் புள்ளி பூஜ்யம் நாலு, புள்ளி பூஜ்யம் ஏழு என்று எங்கெங்கோ நிறுத்தியவை எல்லாம் பச்சை. சிவப்பு வந்ததை மறுபடி லேத்தில் மாட்டி இன்னொரு முறை சீவித் தர வேண்டும். வேலை இரட்டிப்பானது. என் மேஜையிலிருந்து நானே கொண்டுபோய் அவரிடம் கொடுக்க வேண்டும். அந்தச் சில அடி தூரம் நடப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒருநாள் துணிந்து சாஹேபிடம் எனக்குத் தெரிந்த இந்தியில், "நம்பர் பராபர் ஹை சாஹேப்" என்றேன். எண் சமமாகத்தான் இருக்கிறது என்று. அவர் குனிந்து திரையைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். பழைய கேஜை எடுத்து அந்த ஷாஃப்ட்டைப் போட்டுப் பார்த்தார். முனகலோடு உள்ளே போனது.

"கேஜ் தேய்ந்து போச்சு, தாயீ" என்றார் இந்தியில். மராத்திக்காரர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எத்தனை வருஷத்துக் கேஜ். லிமிட்டைத் தொட்டாலே ஆகாதுன்னு வெச்சிருப்பாங்களோ என்னவோ. கம்ப்யூட்டர் தப்பு சொல்லாது."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கேஜ் மேல் சந்தேகம். எனக்கு நான் கோட்டைச் சரியாகப் பார்க்கிறேனா என்று சந்தேகம். அண்ணாவுக்குத் தன் கண் மேல் சந்தேகம். கம்ப்யூட்டரைத்தான் யாரும் சந்தேகப்படவில்லை.

இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. அதே அண்ணா பன்னிரண்டு மில்லிமீட்டரில் பின் என்கிற ஒரு சின்னத் தண்டும் கடைவார். அதற்கும் புள்ளி ஒன்றுதான் எல்லை. அதையும் அவர் விளிம்பில்தான் நிறுத்துவார். அதில் வித்தியாசம் 0.100, எல்லை 0.100, முடிவு ஓகே. சன்னமானது பாஸ், தடியானது ஃபெயில். பின்னுக்கு வேறு விதி இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அண்ணாவை மிஸ்திரி என்று கூப்பிடும் சாஹேப் வேறு முடிவுக்கு வந்தார். "சின்ன வேலையில் கை நிற்குது. பெரிய ஷாஃப்ட்டில் மிஸ்திரிக்குக் கை நடுங்குது. வயசாகுதில்லையா?" அவர் சொன்ன விதத்தில் கேலி இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதனாலேயே எல்லாரும் நம்பினோம்.

மாசக் கடைசியில் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு படம் அச்சாகி டீ குடிக்கும் இடத்தில் ஒட்டப்பட்டது. ரிஜெக்ட் கணக்குக்கு ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு சிவப்புத் தூண். முதல் லேத்தின் தூண் மட்டும் தனியாக வானத்தைப் பார்த்து நின்றது. இரண்டாவது லேத்துப் பையன் வடாபாவைக் கடித்துக்கொண்டே, "காகா, சஷ்மா பதலா" என்றான். கண்ணாடியை மாற்றுங்கள் என்று. மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தார். ஆனால் அடுத்த வியாழக்கிழமை கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தார்.

"இன்னா சொன்னார்ணா?"

"வயசுக்குக் கண்ணு நல்லாதான் கீதாம். கண்ணாடி மட்டும் மாத்தி குட்த்தாரு." புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத போட்டுகினு பாத்தா கோடு எல்லாம் தடி தடியா தெர்து. அப்பவும் செவப்புதான் வர்து. அப்போ கண்ணு இல்ல. கை."

கையை நீட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். நடுங்கவில்லை. ஆனால் நடுங்குகிறதா என்று இரண்டு பேர் உற்றுப் பார்த்தால் எந்தக் கையும் நடுங்குவது போலத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும் விதமே மாறியது. முன்பெல்லாம் கைப்பிடியைத் திருப்பி, ஒரு நொடி நின்று, கடைசியாக ஒரு சீவு சீவி விட்டுவிடுவார். இப்போது லேத்தை நிறுத்தி அளப்பார், மறுபடி ஓட்டுவார், மறுபடி நிறுத்துவார். எல்லையிலிருந்து கீழே இறங்க வேண்டும் என்று அவர் மனம் சொல்லும். வாழ்நாள் பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒருநாள் கை நிஜமாகவே தவறியது. அவர் கொண்டு வந்த ஷாஃப்ட்டை அளந்தேன். இருபத்தைந்துக்குக் கீழே இருந்தது. நான் எண்ணைத் தட்டவே இல்லை. மறுபடி அளந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்மியா?"

தலையாட்டினேன்.

"போடு" என்றார். "செவப்புல போடு. இது நெஜமான செவப்பு."

அந்த வாரத்தில் இன்னும் சில ஷாஃப்ட்டுகள் அப்படிப் போயின. அவை சீவித் தேற்றக்கூடியவை அல்ல. இரும்புக் கடைக்குத்தான். புதன்கிழமை காலை சாஹேப் அவரைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையிலிருந்து பேக்கிங்கில் இருங்கள் என்று சொன்னார். சம்பளம் குறையாது, உட்கார்ந்து செய்கிற வேலை, ஷாஃப்ட்டுக்கு எண்ணெய்க் காகிதம் சுற்றினால் போதும் என்றார். அண்ணா தலையை ஆட்டிவிட்டு லேத்துக்குத் திரும்பி வந்தார். வந்து, லேத்தின் மேல் இருந்த இரும்புச் சுருளையெல்லாம் பிரஷ்ஷால் தள்ளிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். மாலையில் செய்கிற வேலையைக் காலையிலேயே செய்தார்.

அன்று மத்தியானம்தான் அந்தப் பெண் வந்தாள். அறிக்கையில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும் என்று ரஞ்சன்காவிலிருந்து கேட்டிருந்தார்களாம். என் நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். வேலையை முடித்து, "ஆன்ட்டி, ஒரு பீஸ் போட்டுக் காட்டுங்க, பாக்கலாம்" என்றாள்.

மேஜையில் அண்ணாவின் பின் ஒன்றும் ஷாஃப்ட் ஒன்றும் இருந்தன. இரண்டையும் அளந்து தட்டினேன். முதலில் பச்சை, அடுத்து சிவப்பு.

"இது ஏம்மா இப்படி?" என்று கேட்டேன். அவள் தமிழ் பேசுகிற சின்னப் பெண்ணாக இருந்ததால்தான் கேட்டேன். வேறு யாராயிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். "ரெண்டும் பாயிண்ட் ஒன்னுதான். இது நல்லதுன்னுது, அது ஆகாதுன்னுது. பின்னுக்கு ரூல் வேறயா?"

"இல்லயே. ஒரே ரூல்தான்..." என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கை வாய்க்குப் போனது. பிறகு வேகவேகமாக என்னென்னவோ தட்டினாள். திரையில் 0.100 என்று இருந்த எண் நீண்டது. ஒன்றுக்குப் பிறகு பூஜ்யம் பூஜ்யமாகப் போய், கடைசியில் ஒரே ஒரு ஒன்று எட்டிப் பார்த்தது. பின்னுக்கும் அப்படிச் செய்தாள். அதில் ஒன்பது ஒன்பதாக ஓடியது. புள்ளி ஒன்றுக்கு ஒரு மயிரிழை கீழே.

"அய்யோ" என்றாள். "ஆன்ட்டி, இது எவ்ளோ நாளா வருது?"

"வந்த நாள்லேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

நான் மைக்ரோமீட்டரைத் துணியால் துடைத்தேன். எனக்குத் தெரியாமலே அண்ணா பின்னால் வந்து நின்றிருந்தார்.

"இன்னா பாப்பா? இன்னா வந்துது?"

அவள் அவரைப் பார்த்தாள், சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள், இரண்டுக்கும் உள்ள தொடர்பு அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

"அங்கிள், கம்ப்யூட்டருக்குப் பாயிண்ட் ஒன்னு தெரியாது."

"தெரியாதுன்னா?"

எப்படிச் சொல்வது என்று தேடினாள். மேஜையில் என்னுடைய ஸ்டீல் ஸ்கேல் கிடந்தது. ஒரு பக்கம் மில்லிமீட்டர், மறுபக்கம் இன்ச். அதை எடுத்து இன்ச் பக்கத்தைத் திருப்பினாள்.

"இங்க பாருங்க. இன்ச்ல பாதி இருக்கு. பாதில பாதி இருக்கு. அதுல பாதி, அதுலயும் பாதி. இப்ப இதுல பத்துல ஒரு பங்கு எங்க இருக்கு, காமிங்க."

அண்ணா புதுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். நகத்தால் தேடினார். "கெடையாதே. இங்க ஒரு கோடு கீது, இங்க ஒரு கோடு கீது. அது நடுவுல வர்து."

"அந்த நடுவுலயும் பாதி பாதியா கோடு போட்டுட்டே போனா?"

"கிட்ட கிட்ட வரும்." நகத்தை இரண்டு கோட்டுக்கும் நடுவில் வைத்தார். "மேல வுழாது."

"அதான் அங்கிள். கம்ப்யூட்டர் உள்ள இன்ச் பக்கம் மாதிரி. பாதி பாதியாத்தான் எண்ணும். பாயிண்ட் ஒன்னு கேட்டா, பக்கத்துல இருக்கற கோட்டை எடுத்துக்கும். இருபத்தஞ்சுல அந்தக் கோடு கொஞ்சம் மேல இருக்கு. பன்னெண்டுல கொஞ்சம் கீழ இருக்கு. நான் ஸ்க்ரீன்ல மூணு நம்பர் மட்டும் காட்டச் சொன்னேனா, அதனால ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது. உள்ள ஒரே மாதிரி இல்ல."

"எவ்ளோ மேல?"

"அணுவை விடச் சின்னது, அங்கிள்."

அண்ணா நிமிர்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அட, சூத்துக் கணக்குக்காரனா இவன்!"

பழைய பட்டறைகளில் இன்ச்சின் எட்டில் ஒரு பங்கைச் சூத் என்பார்கள். இந்திச் சொல். அரை சூத், கால் சூத் என்றுதான் பேசுவார்கள். அண்ணா வேலை கற்றுக்கொண்டது அந்தக் கணக்கில். மில்லிமீட்டர் பிறகு வந்தது.

"நானும் மொதல்ல அப்டித்தான் பாப்பா. மில்லி வந்தப்போ மூணு மாசம் முழிச்சேன். எங்க மேஸ்திரி பாயிண்ட்ல கேப்பாரு, நான் மனசுல சூத்துல மாத்தி மாத்திப் பாப்பேன். வரவே வராது. பக்கத்துலதான் வரும். இதுக்கும் அதே கஷ்டமா!"

கம்ப்யூட்டரின் தலையில் லேசாகத் தட்டினார். அத்தனை நாள் தன்னைத் தலைகுனிய வைத்த பொருளை அவர் தொட்ட விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாவம் என்று சொல்லித் தட்டுவது போல இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. "இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் அங்கிள். காலேஜ்ல ஒரு லெக்சர் முழுக்க எடுத்தாங்க. நான்தான் எழுதும்போது யோசிக்கல. விளிம்புல சரியா யாரு நிறுத்துவாங்கன்னு..." சொல்லி முடிக்கவில்லை. "மைக்ரோமீட்டர்ல சின்னக் கோடு இருக்கு இல்ல, அதை ஒன்னுன்னு வெச்சு, எத்தனை கோடுன்னு முழு நம்பரா எண்ண வெச்சா தப்பே வராது. பத்து நிமிஷ வேலை."

"அப்போ செஞ்சுட்டுப் போ. முடிஞ்சுது."

"உங்க சார்கிட்ட சொல்லணும்."

அண்ணா அவள் பக்கம் திரும்பினார். "வேலைக்குச் சேந்து எவ்ளோ நாளாவுது?"

"ட்ரயல்ல இருக்கேன். இன்னும் கன்ஃபர்ம் ஆகல."

"அப்போ சொல்லாத. சத்தமில்லாம மாத்திட்டுப் போ. இனிமே பச்ச வந்தா சரி."

வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் லேத்தில் இருக்கப்போவதில்லை. யாருக்குப் பச்சை வரப்போகிறது? அவள் இன்று பேசாமல் போனால் டீ குடிக்கும் இடத்துச் சிவப்புத் தூண் அவர் பெயரிலேயே நின்றுவிடும். இது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னார்.

"அண்ணாவை வெள்ளிக்கிழமைலேர்ந்து பேக்கிங்குக்கு மாத்தறாங்க" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "இந்தச் சிவப்பாலதான்."

"ஏய், நீ சும்மா இரு தங்கச்சி."

அந்தப் பெண் எழுந்தாள். ஸ்டீல் ஸ்கேலைக் கையிலேயே வைத்துக்கொண்டு சாஹேபின் அறைக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. ஸ்கேலைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். சாஹேப் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றார். அண்ணா அதைப் பார்க்கப் பிடிக்காமல் லேத்துக்குப் போய்விட்டார். நான் சிவப்புப் பெட்டியில் இருந்த ஷாஃப்ட்டுகளைச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். அவள் கண் சிவந்திருந்தது. சாஹேப் நேராக என் மேஜைக்கு வந்து, மாற்றி எழுதச் சொன்னார். அவள் எழுதி முடித்ததும் அன்றைக்குச் சிவப்பில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக அளந்து தட்டச் சொன்னார். பச்சை. பச்சை. பச்சை. நடுவில் அளவு குறைந்த ஷாஃப்ட் ஒன்று வந்தது, அது சிவப்பு. சாஹேப் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது?"

"அது பயத்துல போனது சாஹேப்" என்றேன். இந்தியில் அதை எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. புரிந்துகொண்டார்.

"அரே பாபா" என்றார், கம்ப்யூட்டரைப் பார்த்து. "புள்ளி ஒன்னு தெரியாதவனுக்கா நான் தேங்காய் உடைச்சேன்?"

பையன்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். சாஹேப் முதல் லேத்துக்குப் போய் அண்ணாவின் தோளில் கை வைத்து மராத்தியில் ஏதோ சொன்னார். அண்ணா, "சாலேல், சாலேல்" என்றார். பரவாயில்லை என்று. போகிற வழியில் சாஹேப் அந்தச் சிவப்புத் தூண் படத்தைப் பிய்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவளுடைய கம்பெனிக்குப் போன் செய்தாரா, என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகும் அவள் ஒவ்வொரு மாசமும் ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். கன்ஃபர்ம் ஆன அன்று எனக்கும் அண்ணாவுக்கும் பால் பேடா கொண்டுவந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அண்ணா லேத்தில்தான் நின்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். ஆனால் அவரிடமிருந்து வந்த ஷாஃப்ட்டுகள் புள்ளி பூஜ்யம் ஐந்து, புள்ளி பூஜ்யம் ஆறு என்று நடுவிலேயே நின்றன. எல்லாம் பச்சை. குறை சொல்ல ஒன்றுமில்லை. பையன்களுடையதைப் போலவே இருந்தன. சாஹேபுக்குத் திருப்தி. ரஞ்சன்காவுக்குத் திருப்தி. லேத்தை நிறுத்தி நிறுத்தி அளப்பதை மட்டும் அவர் விடவில்லை.

"இப்போ சரியா எண்ணுதுண்ணா, விளிம்புல விடலாம்" என்று ஒருமுறை சொன்னேன்.

"தெரியும் தங்கச்சி" என்றார். "மிஷினுக்குத் தெரிஞ்சிப்போச்சு. கைக்கி இன்னும் தெர்ல."

அவசரப்படுத்தக்கூடாது என்று விட்டுவிட்டேன். மழைக்காலம் வந்தது. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது பட்டறையில் லேத்துச் சத்தம்கூடக் கேட்காது. அப்படி ஒரு நாளில்தான் அவர் ஒரு ஷாஃப்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். துடைத்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். கோடு கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. இருபத்தைந்து புள்ளி ஒன்று. டிராயரில் கிடந்த பழைய கேஜை எடுத்து, யாரும் பார்க்காதபோது அதிலும் நுழைத்துப் பார்த்தேன். மழைச் சத்தத்தில் முனகல் காதில் விழவில்லை. விரலுக்குத் தெரிந்தது.

எண்ணைத் தட்டினேன். பச்சை வந்தது. திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் பார்க்கவில்லை. அடுத்த கம்பியை லேத்தில் மாட்டி முறுக்கிக்கொண்டிருந்தார்.